நடுக்கம் நின்ற பிறகு

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். அவன் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து 11 வருஷம். மாத்திரைகள் சரியாகப் பிடிக்காமல் போனதால், மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைக்கிற ஆபரேஷன் செய்து 8 மாசம் ஆகியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது எனக்குத் தெரியும். அவன் அனுப்பிய வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். ஸ்பூன் பிடிக்க முடியாமல் இருந்த மனிதர், டபராவில் காபியை ஆற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா வீட்ல தினமும் சண்டை. இவரு ஸ்கூட்டர் எடுக்கணும்ங்கறாரு, அம்மா சாவிய ஒளிச்சு வெக்கறாங்க. நேத்து பெட்டி கட்டிட்டு சித்தி வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. 40 வருஷத்துல இப்படி ஒரு தடவ கூட நடந்ததில்ல. நீதான் எதையாவது தேடிப் படிச்சிட்டே இருப்பியே, இது என்னன்னு பாரு" என்றான்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம். அதான் அவரு நல்லாயிட்டாரே, இன்னும் இந்தம்மாவுக்கு என்ன குறை?

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனாலும் கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டது. வியாதி குணமாகக் குணமாக ஒரு கல்யாணம் ஏன் கஷ்டப்பட வேண்டும்? அதைத் தேடிப் படித்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்கு அவர் பெயரை வைத்தவர், பாரிஸில் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் வேலை பார்த்த சார்க்கோ. அந்த மருத்துவமனை பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கே வருவோம்.

நடுமூளையில் டோபமைன் என்கிற வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் நோயின் மையம். டோபமைன் குறைந்தால் அசைவு குறையும், உடம்பு இறுகும், பலருக்குக் கை நடுங்கும். 1957-இல் ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன், மருந்து கொடுத்து அசையாமல் ஆக்கப்பட்ட முயல்களுக்கு லெவோடோபா கொடுத்து அவற்றை மறுபடி நடமாட வைத்தார். 1961-இல் வியன்னாவில் மனிதர்களுக்கு ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ், வாய்வழியாக அதிக அளவில் கொடுத்தால் நீடித்த பலன் இருக்கிறது என்று காட்டினார். இன்றைக்கும் லெவோடோபாதான் இந்த நோய்க்கு முதல் மருந்து.

லெவோடோபா நன்றாக வேலை செய்யும் முதல் சில வருஷங்களுக்கு நரம்பியல் டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் "தேனிலவுக் காலம்". பிரச்சினையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நோய் முன்னேற முன்னேற, ஒரு மாத்திரையின் பலன் அடுத்த மாத்திரை வரை தாங்காது. மருந்து வேலை செய்யும் நேரம் "ஆன்", தீர்ந்துபோன நேரம் "ஆஃப்". ஆஃப் நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாத மனிதர், ஆன் நேரத்தில் சாதாரணமாக நடப்பார். சிலருக்கு ஆன் நேரத்தில் உடம்பு தன்னிச்சையாக நெளிந்து ஆடும். இதற்கு டிஸ்கைனீசியா என்று பெயர்.

ஒரு நாளைக்கு 5 தடவையோ அதற்கு மேலோ லெவோடோபா, 2 மணி நேரமோ அதற்கு மேலோ ஆஃப், 1 மணி நேரமோ அதற்கு மேலோ தொந்தரவான ஆட்டம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அடுத்த கட்ட சிகிச்சையைப் பற்றி யோசிக்கச் சொல்லி, 5-2-1 என்று ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்துக்குள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரைக்கு அலாரம். புரதம் லெவோடோபாவை உறிஞ்ச விடாமல் தடுக்கும் என்பதால் பருப்பு, தயிர் எப்போது என்று கணக்கு. ராத்திரி அவர் புரள முடியாமல் கூப்பிட்டால் எழுந்து புரட்டிவிட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதை ஆன் நேரம் தீர்மானிக்கும். நோய் ஒருத்தருக்குத்தான், ஆனால் கடிகாரம் ரெண்டு பேருக்கும் ஒன்று.

அடுத்த கட்ட சிகிச்சைகள்

மாத்திரை போதாத நிலையில் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று மின்சாரம், இன்னொன்று பம்ப்.

மின்சார வழிக்கு ஆழ்மூளைத் தூண்டல் என்று பெயர். டிபிஎஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிரான்ஸில் கிரெனோபில் நகரத்தில் அலிம்-லூயி பெனாபித் 1987-இல் இதைத் தொடங்கினார். அப்போதெல்லாம் நடுக்கத்தை நிறுத்த மூளையில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். அழிப்பதற்கு முன் சரியான இடம்தானா என்று பார்க்க மின்துடிப்பு கொடுத்தபோது, வேகமான துடிப்பு கொடுத்தாலே நடுக்கம் நின்றுவிடுவதை அவர் கவனித்தார். அப்படியானால் அழிப்பானேன், கம்பியை அங்கேயே விட்டுவிடலாமே என்று போனது யோசனை. 1993-இல் அதே குழு சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற இடத்தைத் தூண்ட ஆரம்பித்தது. மொச்சைக் கொட்டையை விடச் சிறிய இடம். காலர் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பேட்டரி வைத்து, அங்கிருந்து விநாடிக்குச் சுமார் 130 தடவை துடிப்பு அனுப்புவார்கள்.

பம்ப் வழியில், லெவோடோபாவை ஜெல்லாக்கி, வயிற்றுச் சுவரில் ஒரு துளை போட்டு, குழாய் வழியாகச் சிறுகுடலுக்குள் நேராக, பெரும்பாலும் விழித்திருக்கும் 16 மணி நேரமும் செலுத்துகிறார்கள். அபோமார்ஃபின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் பம்ப்பும் உண்டு.

இவை நன்றாக வேலை செய்கின்றன என்பதில் சந்தேகம் வேண்டாம். ஜெர்மனி, பிரான்ஸ் இரண்டு நாட்டிலும் 251 பேரை வைத்து நடந்த எர்லிஸ்டிம் ஆய்வு 2013-இல் வெளியானது. 2 வருஷ முடிவில் டிபிஎஸ் செய்தவர்களின் வாழ்க்கைத் தர மதிப்பெண் சராசரியாக 26 சதவீதம் மேம்பட்டிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு மேம்பாடு எதுவும் இல்லை. 2014-இல் வந்த குடல் ஜெல் ஆய்வில் ஜெல் எடுத்தவர்களின் ஆஃப் நேரம் நாளைக்குச் சுமார் 4 மணி நேரம் குறைந்தது. மாத்திரைக் குழுவில் சுமார் 2 மணி நேரம்தான் குறைந்தது.

எனவே இது "ஆபரேஷன் பண்ணிக்காதீங்க" என்று சொல்கிற கட்டுரை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ், 2006

நான் தேடியதில் நண்பனின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஆய்வு, சார்க்கோ வேலை பார்த்த அதே சால்பெட்ரியேர் மருத்துவமனையிலிருந்து வந்தது. மிக்கேல் ஷூப்பாக், ஈவ் அஜித் முதலானவர்கள் 2006-இல் 'நியூராலஜி' இதழில் எழுதியது. பழுது பார்க்கப்பட்ட உடம்புக்குள் தவிக்கிற மனமா என்ற பொருளில் ஒரு கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருந்தார்கள்.

சப்தலாமிக் டிபிஎஸ் செய்துகொண்ட 29 பேரை ஆபரேஷனுக்கு முன்பும், 18 முதல் 24 மாதம் கழித்தும் உட்கார வைத்துப் பேசினார்கள். வழக்கமான கேள்வித்தாளோடு நிற்கவில்லை. திறந்த உரையாடலாகவும் பேசினார்கள். கை கால் அசைவு பிரமாதமாக முன்னேறியிருந்தது. நினைவாற்றல், சிந்தனை கெடவில்லை. அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் ஏறியிருந்தது. ஆனால் குடும்பம், வேலை, நட்பு என்று சமூகத்தோடு பொருந்திப் போகும் அளவுகோல் மட்டும் ஏறவே இல்லை.

துணையோடு வாழ்ந்தவர்கள் 24 பேர். அதில் 17 தம்பதிகளுக்குள் ஆபரேஷனுக்குப் பிறகு பிரச்சினை. ஆபரேஷனுக்கு முன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த 16 பேரில் 9 பேர்தான் திரும்ப வேலைக்குப் போனார்கள்.

29 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒரே மருத்துவமனை. இதை வைத்து எல்லா ஊரிலும் பத்துக்கு ஏழு தம்பதிகள் சண்டை போடுவார்கள் என்று கணக்குப் போடக் கூடாது. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு வார்த்தை ஆய்வின் உபயோகம் வேறு. கேள்வித்தாளில் இல்லாத விஷயம் பேசும்போதுதான் வெளியே வரும். சண்டை இரண்டு பக்கமிருந்தும் வந்தது. சில வீடுகளில், குணமானவருக்குத் துணைவரின் கவனிப்பு மூச்சு முட்டியது. சில வீடுகளில், இத்தனை வருஷம் தாங்கிய துணைவர் இனி முடியாது என்று விலகினார்.

இதைப் படித்துவிட்டு நண்பனின் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பாரிஸில் ஒரு நரம்பியல் வார்டில் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்து எழுதிவைத்த விஷயத்துக்கு, இங்கே ஒரு பெண்மணிக்கு "என்ன குறை" என்ற பட்டம் கிடைத்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நான் படித்ததிலிருந்து மூன்று தனித்தனிக் காரணங்களைப் பிரித்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே சண்டையாகத்தான் தெரியும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் பிரிப்பது முக்கியம்.

காரணம் ஒன்று: வீட்டின் ஏற்பாடு கலைகிறது

எங்கள் தொழிலில் ஒரு அனுபவம் எல்லோருக்கும் உண்டு. சிஸ்டத்தில் ஒரு பழைய பக் இருக்கும். அதைச் சரி செய்ய முடியாமல், அதைச் சுற்றிப் பத்து வருஷமாகக் கோடு எழுதி வைத்திருப்போம். ஒரு நாள் புண்ணியவான் ஒருத்தர் வந்து மூல பக்கைச் சரி செய்வார். அன்றைக்கு ராத்திரி சிஸ்டம் படுத்துவிடும். பக் இருக்கிறது என்று நம்பி எழுதிய கோடெல்லாம் இப்போது தப்பு.

பத்து வருஷ நோயைச் சுற்றி ஒரு குடும்பமும் இப்படித்தான் தன்னை மாற்றி எழுதிக்கொள்கிறது. பேங்க் கணக்கு, வண்டி, யார் வீட்டுக்குப் போவது, யார் போன் எடுப்பது எல்லாமே ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போயிருக்கும். ஒருத்தர் கவனிக்கிறவர், இன்னொருத்தர் கவனிக்கப்படுகிறவர். நோய் இதைப் பத்து வருஷத்தில் மெதுவாகச் செய்தது. ஆபரேஷன் அதைச் சில வாரத்தில் தலைகீழாக்குகிறது.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் வேறொரு நோயிலிருந்து வந்த பெயர். மெல்போர்னில் வலிப்பு நோய்க்கு மூளை ஆபரேஷன் செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பீட்டர் பிளேடின், சாரா வில்சன் முதலானவர்கள், வலிப்பு முழுசாக நின்றவர்களில் சிலர் அதற்குப் பிறகுதான் திணறுவதைப் பார்த்தார்கள். இயல்பாக இருப்பதே ஒரு சுமையாகிவிடுகிறது என்பதால் அதற்கு "இயல்புநிலையின் சுமை" என்று பெயர் வைத்தார்கள். நோயாளியாக இருந்த வரை யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அல்லது அவரே இழந்த வருஷங்களையெல்லாம் ஒரே மாசத்தில் வாழ்ந்துவிடப் பார்க்கிறார். துணைவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவர் பத்து வருஷமாகச் செய்துவந்த வேலை போய்விட்டது, அதற்கு யாரும் பிரிவுபசார விழா நடத்துவதில்லை.

ஸ்கூட்டர் சாவி சண்டையை இப்படிப் பார்த்தால் புரிகிறது. அவருக்கு அது சுதந்திரம். அந்த அம்மாவுக்கு, அவர் விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்கிய பத்து வருஷப் பழக்கம். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்த வகைப் பிரச்சினைக்கு மாத்திரையும் கிடையாது, மெஷினில் மாற்றும் அமைப்பும் கிடையாது. பேச்சும் காலமும்தான்.

காரணம் இரண்டு: மருந்தும் மின்சாரமும் மனசைத் தொடுகின்றன

இதை முதல் காரணத்தோடு குழப்பிக்கொண்டால் ஆபத்து.

டோபமைன் அசைவுக்கான வேதிப்பொருள் மட்டும் இல்லை. எதையாவது வேண்டும் என்று ஆசைப்படுவது, அதற்காக எழுந்து போவது, கிடைத்தால் திரும்பத் தேடுவது, இதெல்லாமே அதன் இலாகா. அதனால் டோபமைனைக் கூட்டினாலும் குறைத்தாலும் மனிதரின் விருப்பங்கள் நகரும்.

கூடினால் என்ன ஆகும்? டோபமைன் போலவே நடிக்கிற ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் எடுப்பவர்களில் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்படாத செலவு, அளவில்லாத தீனி, அடங்காத பாலுணர்வு வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், 13.6 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. அந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். கட்டுப்படாத பாலுணர்வு மட்டும் 3.5 சதவீதம்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறைகளை யோசியுங்கள். அறுபது வயதில் கணவர் திடீரென்று இப்படி மாறினால் எந்தப் பெண்மணி வெளியே சொல்வார்? பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, டாக்டரிடம் அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அவர் கெட்டுப்போய்விட்டார் என்றே நினைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குவார். மாத்திரை டப்பாவைச் சந்தேகிக்க அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

குறைந்தால்? டிபிஎஸ் நன்றாக வேலை செய்தால் மருந்தைக் கணிசமாகக் குறைத்துவிடுவார்கள். கட்டுப்படாத ஆசைகள் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம், பலருக்கு அவை அடங்குகின்றன. ஆனால் சிலருக்கு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. பிரான்ஸில் 63 பேரைப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் டோபமைன் மருந்துகளைக் குறைத்ததும் 34 பேருக்கு முதல் வருஷத்துக்குள் எதிலும் நாட்டமில்லாத நிலை வந்தது. சராசரியாக 4.7 மாதத்தில். வருஷ முடிவுக்குள் அவர்களில் பாதிப் பேர் மீண்டுவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு டோபமைன் வகை மருந்து ஒன்றைத் திரும்பக் கொடுத்தால் நாட்டம் திரும்புகிறது என்று அதே குழு 2013-இல் காட்டியது.

நாட்டமின்மை சோகம் இல்லை. அழுகை இருக்காது, புலம்பல் இருக்காது. மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பார். பேரன் வந்தாலும் "ம்", பிறந்தநாள் என்றாலும் "ம்". கை நடுக்கமே இல்லாமல், நன்றாக நடக்கக்கூடிய ஒருவர் இப்படி இருந்தால் துணைவர் மனசில் என்ன தோன்றும்? என் மேல் இருந்த பிரியம் போய்விட்டது என்றுதான் தோன்றும். மருந்தளவு என்று தோன்றாது.

மின்சாரமும் நேரடியாக மனசைத் தொடக்கூடும். சப்தலாமிக் நியூக்ளியஸ் சின்னதுதான், ஆனால் அதற்குள்ளேயே அசைவுக்கு ஒரு பகுதி, சிந்தனைக்கு ஒரு பகுதி, உணர்ச்சிக்கு ஒரு பகுதி. மின்புலம் கொஞ்சம் பரவினால் சிலருக்கு அளவு மீறிய உற்சாகம், தூக்கமில்லாமை, யோசிக்காத முடிவுகள். நெதர்லாந்து மருத்துவர்கள் 2004-இல் எழுதிய ஒரு நோயாளியின் கதையை இந்தத் துறையில் அடிக்கடி சொல்வார்கள். 62 வயதுக்காரர். மெஷின் ஓடினால் நடமாடுவார், ஆனால் கட்டுக்கடங்காத மனவெறி. மெஷினைக் குறைத்தால் மனம் தெளிவு, ஆனால் படுத்த படுக்கை. இடைப்பட்ட அமைப்பு எதுவும் கிடைக்கவில்லை. மெஷினைக் குறைத்து, தெளிவாக இருந்த நிலையில் அவரிடமே கேட்டார்கள். அவர் நடமாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். மனநல மருத்துவமனையில் தங்கி வாழ வேண்டும் என்று தெரிந்தேதான். இது அபூர்வம். பெரும்பாலோருக்கு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

இங்கே துணைவரின் சாட்சி ரொம்ப முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு குணம் மாறியிருக்கிறதா என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், நோயாளிகளை விடத் துணைவர்களே அதிகம் பேர் மாற்றத்தைச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குத் தான் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். லாக் ஃபைல் எதிரே உட்கார்ந்திருக்கிறது, யாரும் திறந்து படிப்பதில்லை.

காரணம் மூன்று: நோய் நிற்கவில்லை

டிபிஎஸ்ஸோ பம்ப்போ செல்கள் அழிவதை நிறுத்துவதாக இதுவரை நிரூபணம் இல்லை. பொதுவாக லெவோடோபாவுக்குக் கட்டுப்படும் அறிகுறிகளைத்தான் டிபிஎஸ்ஸும் கட்டுப்படுத்தும். குரல், விழுங்குவது, உடம்புச் சமநிலை போன்றவை அவ்வளவாகக் கேட்பதில்லை. பேச்சு சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின் இன்னும் குழறுகிறது.

கணவன் மனைவிக்குள் பாதிப் பேச்சு முகத்தில்தான் நடக்கிறது. பார்க்கின்சனில் முகத் தசை இறுகி முகமூடி போலாகிவிடும். உள்ளே சிரிப்பார், வெளியே தெரியாது. குரலும் தணிந்துவிடும், அதுவும் அவருக்குத் தெரியாது. தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று நினைப்பார். "எத்தனை தடவ கேக்கறது?" என்று இவர் எரிச்சல்படுவார், "எத்தனை தடவ சொல்றது?" என்று அவர் எரிச்சல்படுவார். நடை சரியாகிவிட்டதால், இதுவும் சரியாகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சேர்ந்துகொள்கிறது. சத்தமாகப் பேசப் பழக்கும் பேச்சுப் பயிற்சி உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பம்ப் வந்த வீடு

டிபிஎஸ் வீட்டில் கவனிப்பவருக்கு வேலை போகிறது என்றால், பம்ப் வீட்டில் சில சமயம் வேலை ஏறுகிறது. காலையில் ஃபிரிட்ஜிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து மாட்ட வேண்டும், ராத்திரி கழற்றிக் குழாயைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், வயிற்றுத் துளையைச் சுத்தமாக வைக்க வேண்டும். குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ அலாரம் அடிக்கும். நோயாளி தானே செய்துகொண்டால் நல்லது. கை ஒத்துழைக்காதபோது மனைவியோ கணவரோதான் நர்ஸ். பகல் முழுக்க இடுப்பில் ஒரு பம்ப், வயிற்றில் ஒரு குழாய். கட்டிப்பிடிக்கும்போதுகூட குழாய் இழுபடுமோ என்ற யோசனை. ஆஃப் நேரம் குறைந்ததால் ரெண்டு பேரும் நிம்மதியாக வெளியே போகிற வீடுகளும் உண்டு. எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

என்ன செய்யலாம்?

சால்பெட்ரியேர் மருத்துவமனையிலேயே பிறகு ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிகளோடு உட்கார்ந்து, பிறகு வாழ்க்கை எப்படி மாறலாம் என்று பேசித் தயார்படுத்தினார்கள். 2017-இல் வெளியான முடிவில், தயார்படுத்தப்பட்டவர்கள் பிற்பாடு சமூகத்தோடு நன்றாகப் பொருந்திப் போனார்கள். எலக்ட்ரோடு அதேதான், மின்சாரம் அதேதான். பேச்சுதான் கூடுதல்.

நான் படித்ததிலிருந்து, இந்த முடிவை எடுக்கப்போகும் ஒரு குடும்பத்துக்குச் சொல்லத் தோன்றுவது இவை.

ஆபரேஷனுக்கு முன், இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்: இது முடிந்ததும் நான் எதிர்பார்ப்பது என்ன? பிறகு மாற்றிப் படியுங்கள். ஒருத்தர் "திரும்ப வண்டி ஓட்டுவேன்" என்றும் இன்னொருத்தர் "ராத்திரி முழுசாகத் தூங்குவேன்" என்றும் எழுதியிருந்தால், சண்டை எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எந்த வேலையை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் மாசம் மாத்திரை எடுத்து வைப்பது, மூணாவது மாசம் பேங்க். வண்டிக்கு டாக்டர் சொல்லட்டும், மனைவியைப் போலீஸ் ஆக்க வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது துணைவருக்குத் தனியாக அஞ்சு நிமிஷம் கேளுங்கள். செலவு, சூதாட்டம், பாலுணர்வு, தூக்கம், கோபம், நாட்டமின்மை என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். "எப்படி இருக்காரு?" என்றால் "நல்லா இருக்காரு" என்பதோடு முடிந்துவிடும்.

புதிதாக வந்த குணம், முன்னால் இல்லாதது, மருந்தையோ மெஷின் அமைப்பையோ மாற்றிய சில வாரம் அல்லது மாதத்துக்குள் வந்தது என்றால், அதைக் குணக்கேடு என்று முடிவு கட்டாமல் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம், பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருப்பது பழைய சண்டையாக இருக்கலாம். நோய்க்கு முன்னாலேயே இருந்தது, பத்து வருஷம் ஓரமாக வைக்கப்பட்டது. அதற்கும் இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

நண்பன் வீட்டுக்கு வருகிறேன். அம்மா இரண்டு வாரம் தங்கை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, அவர் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குவதை அம்மா முதல் தடவையாகச் சொன்னாராம். மெஷினில் ஏதோ மாற்றினார்கள், தூக்கம் கொஞ்சம் பரவாயில்லையாம். மாத்திரையை இப்போது அவரே எடுத்துக்கொள்கிறார். ஸ்கூட்டர் சாவி விஷயத்தில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

பாரிஸ் ஆய்வை நண்பன் அம்மாவிடம் தமிழில் சொல்லியிருக்கிறான். 24 வீட்டில் 17 வீட்டில் இப்படித்தான் ஆச்சும்மா என்று. அவங்க கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம் கேட்டாராம், "இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"